கூதலை யார் சொல்வது?

ஒட்டுசுட்டான்
2025 தை 19

அன்பு மச்சான்,

உன் கடிதம் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு வந்து சேர்ந்தது. கைபேசியில் அடிக்கடி பேசிக்கொள்கிறோம் என்றாலும், தாளில் எழுதும்போதுதான் நீ மனம் திறக்கிறாய். மூன்று முறை வாசித்துவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம். முற்றத்தில் பொங்கினோம், அரிசி மட்டும் போன வருடத்தது. கார்த்திகையில் ஃபெஞ்சல் புயலோடு வந்த வெள்ளம் வடிய நாளெடுத்ததில், வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்த துண்டு அழுகிப்போனது. மேட்டுப் பக்கம் தப்பியது, மாசியில் வெட்டலாம். முத்தையன்கட்டுக் குளம் நிறைந்து கிடக்கிறது. வேலையை விட்டு ஆறு வருடமாகியும், விடியற்காலையில் அணைக்கட்டில் ஒரு நடை போய் நீர்மட்டத்தைப் பார்க்காமல் எனக்குத் தேநீர் இறங்குவதில்லை.

கனடாவில் உங்கள் ஊரில் பெய்யும் உறைமழையைப் பற்றி நீ எழுதியிருந்த நான்கு பக்கங்களுக்குத்தான் இந்தப் பதில். நான் விளங்கிக்கொண்டது சரியா என்று பார்.

நம் வயலில் தை மாதத்து விடியலை நினைத்துக்கொள். பனிப்புகார் முழங்காலளவுக்குப் படிந்து கிடக்கும். பனையின் வட்டு மட்டும் மேலே தெளிவாக நிற்கும். குளிர்ந்த காற்று பாரமானது, தண்ணீரைப் போலப் பள்ளம் தேடிப் படுக்கும். உங்கள் பிரேசர் பள்ளத்தாக்கிலும் நடப்பது இதுதான். மலைகளுக்கு அப்பாலிருந்து வருகிற கடுங்குளிர் காற்று ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, அபட்ஸ்ஃபோர்ட் தரையில் வந்து படுத்துக்கொள்கிறது. பிறகு பசிபிக் பக்கமிருந்து ஈரமான, வெதுவெதுப்பான காற்று வந்து அதன் மேல் ஏறுகிறது. உயரத்திலிருந்து பனியாக விழுவது அந்தச் சூடான அடுக்கில் உருகித் துளியாகிறது. கடைசியில் தரையோடு படுத்திருக்கும் குளிருக்குள் நுழையும்போது மறுபடி உறைவதற்கு அதற்கு நேரமில்லை. பூச்சியத்துக்குக் கீழே போயும் தண்ணீராகவே வருகிறது. கம்பியையோ கொப்பையோ தொட்ட கணத்தில் கண்ணாடியாகிவிடுகிறது. இந்தக் கடைசி வரியை வாசித்துவிட்டு எழுந்துபோய் வெளியில் நின்றேன், மச்சான். அறுபத்தைந்து வயது வரைக்கும் மழையை அளந்து வாழ்ந்த எனக்கு, தொட்டவுடன் கல்லாகும் மழை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது இப்போதுதான் உறைத்தது.

முன்கூட்டிச் சொல்வது ஏன் அவ்வளவு கடினம் என்பதும் அதிலேயே இருக்கிறது. தரையில் படுத்திருக்கும் குளிர் கொஞ்சம் தடிப்பாக இருந்தால் துளி வரும் வழியிலேயே உறைந்து, மணியாக விழுந்து உருண்டுவிடும். கொஞ்சம் மெலிந்தால் வெறும் மழை. இரண்டுக்கும் நடுவில் சில நூறு மீற்றர் தடிப்பும் ஒன்றிரண்டு பாகையும்தான் வித்தியாசம். கணினியின் கணிப்புகள் அந்த மெல்லிய குளிரை விரைவாகக் கலைத்துவிடும், உண்மையில் அது பிடிவாதமாகக் கிடக்கும் என்று எழுதியிருந்தாய். வன்கூவரில் குடையோடு நடக்கிற அதே நேரத்தில் உங்கள் தெருவில் மரம் சாய்கிறது. மாரி முழுதும் வெறும் தூறலும் ஈரமுமாக இருக்கும் கடற்கரை நாட்டில் யார்தான் இதை எதிர்பார்த்திருப்பார்கள்?

இரவு மேசையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு சென்ரிமீற்றர் விட்டமுள்ள கம்பியைச் சுற்றி ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு ஐஸ் பிடித்தால், மீற்றருக்கு அரைக் கிலோவுக்கு மேல் வருகிறது. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் ஐம்பது மீற்றர் என்றால், ஒவ்வொரு கம்பியிலும் ஒரு மூடை சீமெந்தின் பாதிக்கு மேல் தொங்குகிறது. மரக்கொப்புக்கோ நூறு விரல்கள். எல்லா விரலிலும் சுமை. 1998இல் மொன்றியல் பக்கம் இரும்புக் கோபுரங்களே மடங்கி விழுந்ததைப் பத்திரிகைப் படத்தில் பார்த்தபோது என்னால் நம்ப முடியவில்லை. இந்தக் கணக்குக்குப் பிறகு நம்புகிறேன்.

2017 மார்கழி இரவில் கொப்புகள் முறியும் சத்தத்துக்குத் தூக்கத்திலிருந்து எழுந்து, ஷெல் என்று நினைத்து மகனைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாய் என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் என்ன எழுத? அந்த வரியை வீட்டில் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

நீ 2022 மார்கழி (டிசம்பர்) 23 என்று எழுதியதைக் கண்டதும்தான் எனக்கு நெஞ்சு அடைத்தது. பாலங்களை மூடினார்கள், வாசற்படியில் நிற்க முடியவில்லை, ஆனாலும் முதல் நாளே சொல்லியிருந்ததால் மருந்தும் மெழுகுதிரியும் கையில் இருந்தன என்கிறாய். அதே மார்கழியில், உனக்கு இரண்டு கிழமை முன்பு, எங்களுக்கும் ஒரு கூதல் வந்தது. அன்று தொலைபேசியில் ‘மாடுகள் கொஞ்சம் செத்துப்போயின’ என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். முழுவதையும் இப்போது எழுதுகிறேன்.

மாண்டஸ் புயல் வங்கக் கடலில் எங்கள் கிழக்குக் கரைக்கு வெளியே மேலேறிக்கொண்டிருந்தது. வானொலியில் முறையாகச் சொன்னார்கள்: காற்று இவ்வளவு, மழை இவ்வளவு, கடலுக்குப் போக வேண்டாம், புயல் தமிழ்நாட்டுப் பக்கம் போகிறது. ஒன்றுகூடப் பிழையில்லை. 9ஆம் திகதி இரவு அது மாமல்லபுரத்தடியில்தான் கரை கடந்தது. நான் வழக்கம்போலக் கொப்பியில் குறித்துக்கொண்டேன். 8ஆம் திகதி பின்னேரம், பட்டி வைத்திருக்கும் எங்கள் பக்கத்து வளவு அண்ணை வேலிக்கு அப்பால் நின்று, ‘தம்பி, எப்படி இருக்கும்?’ என்று கேட்டார். இந்த ஊரில் மழையைப் பற்றி என்னிடம்தான் கேட்பார்கள். ‘எங்களுக்குப் பயமில்லை அண்ணை, அது இந்தியாவுக்குப் போகிறது’ என்றேன்.

புயலின் சுழற்சி வடக்கே இருந்து, இந்தியக் கரையோரமாகக் குளிர்ந்த காற்றை இழுத்துக்கொண்டு வந்தது. புழுதியும் புகையும் சேர்ந்து வந்ததால் 9ஆம் திகதி நாடெங்கும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள், உனக்கு நினைவிருக்கும். இங்கே பகலிலும் சூரியனைக் காணவில்லை. வாடை விடாமல் அடித்தது. மழை பெரிதாக இல்லை. மழைமானியைப் பார்த்தால் யாரும் பயப்படமாட்டார்கள். தூறலாக, ஊசி மாதிரி, இரவு முழுதும் பக்கவாட்டில் அடித்தது. போர்வைக்கு மேல் சாக்கைப் போட்டுப் படுத்தோம்.

அந்தப் பருவத்தில் மாடுகள் எங்கே நிற்கும் என்பது உனக்குத் தெரியும். காலபோகம் விதைத்துவிட்டால் வயல் பக்கம் விட முடியாது. மேய்ச்சல் தரை என்று சொல்ல இப்போது அதிகம் மிஞ்சவும் இல்லை. காட்டோரத்தில், கூரையில்லாத பட்டியில், அரை வயிற்றோடு நின்றன. விடியப் போய்ப் பார்த்தோம். பாலை மரத்தடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூட்டமாக நின்றன. நடுவில் நின்றவை உயிரோடு இருந்தன. ஓரத்தில் நின்றவை கால் மடித்துப் படுத்திருந்தன, தலை மட்டும் நீட்டி. ஒரு நாகுவின், இன்னும் கன்று போடாத இளம் பசுவின், காதைப் பிடித்துப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் கிடந்த கல்லைத் தொட்டதுபோல இருந்தது. கண் மூடித் திறந்தது. உரப்பையைக் கிழித்துப் போர்த்தினோம், தறப்பாளைக் கட்டினோம், ஈர விறகில் மண்ணெண்ணெய் ஊற்றித் தீ மூட்டினோம். அண்ணை தன் சட்டையைக் கழற்றி அதன் முதுகைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மத்தியானத்துக்குள் போய்விட்டது. அவருடைய பட்டியில் மட்டும் பதினொன்று. பெரும்பாலும் கன்றுகளும் நாகுகளும், இரண்டு சினைமாடுகளும்.

2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்து போனவர் அவர். திரும்பி வந்து ஒரே ஒரு பசுவிலிருந்து கட்டியெழுப்பிய பட்டி அது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், திருகோணமலை எங்கும் இதே கதை. நூற்றுக்கணக்கில் மாடும் ஆடும் விழுந்து கிடந்தன. நோய் என்று முதலில் பயந்தார்கள். கால்நடை வைத்தியர்கள் பார்த்துவிட்டுக் குளிரின் அதிர்ச்சி என்றார்கள்.

பிறகு தேடி வாசித்தேன். குளிர்நாட்டு மாடு தடித்த உரோமம் காய்ந்திருந்தால் பூச்சியத்துக்குக் கீழேயும் தாங்கும். அதே மாடு நனைந்துவிட்டால், ஏறக்குறைய 15 பாகையிலேயே உடம்புச் சூட்டைக் காக்கத் திணறத் தொடங்குமாம். எங்கள் ஊர் மாட்டுக்கு அப்படித் தடித்த உரோமமே கிடையாது. வெயிலுக்குப் பிறந்த தோல். வயிற்றில் தீனியும் இல்லை. உங்கள் ஊரில் மழையைக் கல்லாக்குவதற்குப் பூச்சியம் தேவைப்பட்டது. எங்கள் ஊரில் மாட்டைக் கல்லாக்க அவ்வளவு தேவைப்படவில்லை.

வானொலி சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் கொப்பியில் இருந்தது. காற்று இருந்தது, மழை இருந்தது. நனைந்த மாட்டுக்கு அந்தக் காற்று என்ன செய்யும் என்பது இல்லை. அதைச் சொல்ல வேண்டியவன் கொழும்பில் இருக்கவில்லை, இந்த வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். எந்தப் பட்டிக்குக் கூரையில்லை என்பது எனக்குத்தான் தெரியும். நான் புயலின் பாதையைப் பார்த்தேனே தவிர, அதன் ஓரத்தைப் பார்க்கவில்லை. 2021 மாசியில் டெக்சாஸில் நடந்ததைப் பற்றி நீ எழுதியிருப்பதும் இதோடு சேர்கிறது. பெருங்குளிர் வருகிறது என்று நாட்களுக்கு முன்பே தெரிந்திருந்தும், எரிவாயுக் குழாய்களும் மின்நிலையங்களும் அதற்காகக் கட்டப்படாததால் வீடுகள் இருளில் உறைந்தன. 246 பேர் இறந்ததாக அந்த மாநிலச் சுகாதாரத் துறையே பிறகு கணக்குக் கொடுத்தது. கணிப்பு வந்து சேர்ந்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது, மச்சான். அந்த வேலையைத்தான் நான் அன்று செய்யவில்லை.

இப்போது செய்கிறேன். மார்கழி, தை இரண்டு மாதமும் பின்னேரம் வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட்டு, பால் சேகரிப்பு நிலையத்துப் பலகையில் எழுதுகிறேன். மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று எழுதுவதில்லை. ‘இன்றிரவு வாடையும் தூறலும். கன்றுகளையும் சினைமாடுகளையும் கொட்டிலுக்குள் விடுங்கள். வைக்கோல் கூடப் போடுங்கள். வடக்குப் பக்கம் தறப்பாள் கட்டுங்கள்.’ இவ்வளவுதான். அண்ணையின் பட்டிக்கு இப்போது வடக்கும் கிழக்கும் கிடுகு வேலி அடைத்திருக்கிறோம், பாதிக்குத் தகரக் கூரை.

ஆனால் ஒன்று என்னைச் சங்கடப்படுத்துகிறது. போன வருடம் இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் முறை சில பேர் பலகையைப் பார்க்காமலே போனார்கள். அதனால்தான் உங்கள் வானொலி அறிவிப்பாளரைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மழையா ஐஸா என்பது எங்களுக்கு இன்னும் தெரியவில்லை, ஒரு பாகையில் தங்கியிருக்கிறது, ஆனால் ஐஸாக இருந்தால் இன்னது நடக்கும், அதற்கு இன்றைக்கே ஆயத்தமாகுங்கள் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னாராம். மழையாகவே போய்விட்ட நாட்களிலும் ஜனங்கள் அவரைக் கோபிக்கவில்லையா? அடுத்த முறையும் கேட்டார்களா? அவர் அதை எந்தச் சொற்களில் சொல்கிறார் என்று கவனித்து எழுது. இங்கே தெரியாது என்று சொன்னால், அப்படியானால் ஏன் பலகையில் எழுதினாய் என்று கேட்கிறார்கள். தெரியும் என்று சொல்ல என் மனம் இடம் கொடுக்கவில்லை.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். அம்மா உயிரோடு இருந்தபோது நீ நேர்ந்த நேர்த்தி அது, தள்ளிப்போடாதே. சொக்லேற், சேட்டு எதுவும் எங்களுக்கு வேண்டாம். ஒரு உயர்விழிவு வெப்பமானி மட்டும் கொண்டு வா, இரவில் எவ்வளவு இறங்கியது என்று காலையில் காட்டுகிற வகை. அந்த மார்கழி இரவு எத்தனை பாகை என்று என் கொப்பியில் இல்லை. மழைமானி மட்டும்தான் என்னிடம் இருந்தது. வளவில் இடம் பார்த்து வைத்துவிட்டேன்: மழைமானிக்கு வடக்கே, வெயில் நேரே படாத பக்கம், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில். பெட்டியை நானே அடித்துக்கொள்வேன்.

உன் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன் பழைய நண்பன்