பழுது பார்க்க விடுங்கள்: வீட்டுப் பொருள்களைச் செய்வோருக்கும் விற்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

பத்தொன்பது ஆண்டுகளாக வீட்டு வரவு செலவை நோட்டில் எழுதி வருகிறேன். ஆண்டுக்கு ஒரு நோட்டு. சென்ற மாதம் எல்லாவற்றையும் எடுத்துவைத்து ஒருசேரப் புரட்டினேன். பழைய நோட்டுகளில் ‘பழுது’ என்று தலைப்பிட்ட பக்கம் நிறைந்து கிடக்கிறது. மின்விசிறிக்குக் காயில் கட்டியது, இஸ்திரிப் பெட்டிக்கு வயர் மாற்றியது, செருப்புக்கு வார் தைத்தது, குடைக்குக் கம்பி போட்டது. எல்லாம் சிறு தொகைகள். பிந்தைய நோட்டுகளில் அந்தப் பக்கம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கிறது. பொருள்கள் கெடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவையெல்லாம் அடுத்த பக்கத்துக்கு, ‘புதிதாக வாங்கியவை’ என்ற பக்கத்துக்குப் போய்விட்டன. அங்கே இருக்கும் தொகைகள் சிறியவை அல்ல.

அந்த இரண்டு பக்கங்களைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சிக்கனமாக இருங்கள் என்று எங்களுக்குப் புத்தி சொல்லாதவர் இல்லை. இருக்கிறோம். கடைக்குப் போகுமுன் பட்டியல் எழுதுகிறோம். பசித்த வயிற்றோடு கடைக்குள் நுழைவதில்லை. நொடிக்கு ஒரு சொட்டாக ஒழுகும் குழாய் ஒரே நாளில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிடும் என்பதால் அன்றைக்கே வாஷர் மாற்றுகிறோம். 60 வாட் குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு, ஏறத்தாழ அதே வெளிச்சத்தை 9 வாட்டில் தரும் எல்.இ.டி. பல்புகளை மாட்டினோம். சம்பளம் வந்த அன்றே சேமிப்பை எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தில் மாதத்தை ஓட்டப் பழகியிருக்கிறோம். இவ்வளவும் செய்த பிறகு எங்கள் கையில் இருப்பது கொஞ்சம்தான். மீதி உங்கள் கையில் இருக்கிறது.

என் சலவை இயந்திரத்தைச் சொல்கிறேன். ஏழாம் ஆண்டில் அதன் கதவுக் கொக்கி உடைந்தது. பிளாஸ்டிக் கொக்கி, விரல்நுனி அளவு. மோட்டார் சீராக ஓடியது; டிரம்மில் துரு இல்லை. பழுது பார்க்க வந்தவர் நல்ல மனிதர். கொக்கியைத் தனியாகத் தருவதில்லை, கதவு முழுவதையும் மாற்ற வேண்டும், அந்த மாடலுக்குக் கதவு வருவதும் நின்றுவிட்டது என்றார். வேறொரு கொக்கியை இழைத்துப் பொருத்த அரைமணி நேரம் முயன்று பார்த்தார். பூட்டு சேரவில்லை. ‘புதிதாக வாங்கிவிடுங்கள்’ என்று தயங்கித் தயங்கிச் சொன்னார், வந்து பார்த்ததற்குக்கூடக் காசு வாங்க மறுத்துவிட்டார். நல்ல மோட்டாரோடும் நல்ல டிரம்மோடும் அந்த இயந்திரம் வீட்டைவிட்டுப் போனது. எட்டு மாதம் சேர்த்த பணம் அன்று ஒரே ரசீதில் போயிற்று.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். 1924ஆம் ஆண்டு என் மனத்தை விட்டுப் போகவில்லை. அந்த அக்டோபரில் மிலான் நகரில் பல நாடுகளின் சேமிப்பு வங்கிகள் மாநாடு கூட்டின. உலகச் சிக்கன நாள் அங்கேதான் பிறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பல்பு நிறுவனங்கள் ஜெனீவாவில் ஃபீபஸ் என்ற கூட்டணியை அமைத்தன. 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்துகொண்டிருந்த பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குக் குறைப்பது அவர்களுடைய ஒப்பந்தங்களில் ஒன்று. கூடுதல் நேரம் எரியும் பல்பை விற்ற உறுப்பினர் அபராதம் கட்ட வேண்டும். மக்களைச் சேமிக்கச் சொல்லி ஒரு கூட்டம், அவர்கள் அடிக்கடி வாங்கும்படி செய்ய இன்னொரு கூட்டம். இடையில் இரண்டே மாதம்.

பல்பு நிறுவனங்கள் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நீண்ட நாள் எரியும்படி செய்த இழை மங்கலாகத்தான் எரியும். அதே வெளிச்சத்துக்கு அதிக மின்சாரம் கேட்கும். அறிவியல்படி அது சரி. அப்படியென்றால் ஆயுளையும் மின்செலவையும் பெட்டியின்மேல் எழுதி, எது வேண்டும் என்பதை வாங்குபவரிடம் விட்டிருக்கலாம். அபராதம் எதற்கு?

நீடித்து உழைக்கும் பொருளுக்கு நீங்கள் அதிக விலை வைப்பதில் எனக்குக் குறையே இல்லை. இரண்டரை மடங்கு விலை கொடுத்து ஐந்து மடங்கு காலம் உழைக்கும் காலணியை வாங்குகிறவர் பாதிச் செலவில் நடக்கிறார். ஆனால் அந்த இரண்டரை மடங்கைக் கையில் வைத்திருப்பவர்தான் அதை வாங்க முடியும். இல்லாதவர் ஆண்டுதோறும் மலிவானதை வாங்கி, ஐந்து ஆண்டு முடிவில் இரண்டு மடங்கு கொடுத்திருப்பார். வறுமையிலிருப்பவர் கணக்குத் தெரியாமல் செலவழிக்கிறார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவருக்குக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். சரி, கையில் பணம் இருக்கிறவருக்காவது எந்தக் காலணி ஐந்து ஆண்டு வரும் என்று தெரிகிறதா? அதையும் நீங்கள் எழுதுவதில்லை. விலை கூடுதலாக இருப்பது தரத்துக்கா, பெயருக்கா என்று ஊகித்துத்தான் வாங்குகிறோம்.

எடைக்கு வருகிறேன். 500 கிராம் பாக்கெட் ஒருநாள் 450 கிராம் ஆகிறது. விலை அதேதான், படமும் அதேதான். பத்து விழுக்காடுதானே குறைந்தது என்று தோன்றும். கிராமுக்குக் கணக்கிட்டால் விலை பதினொரு விழுக்காடு ஏறியிருக்கிறது. விலையை ஏற்ற வேண்டிய நெருக்கடி உங்களுக்கும் வரும். மூலப்பொருள், கூலி, போக்குவரத்து எல்லாம் ஏறுகின்றன. ஏற்றுங்கள், சொல்லிவிட்டு ஏற்றுங்கள். சொல்லாமல் குறைத்தால், மாதக் கடைசியில் டப்பா ஏன் சீக்கிரம் காலியாகிறது என்று வீட்டில் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்கிறோம். என் வீட்டிலேயே அது நடந்தது. பழைய பாக்கெட்டின் உறை ஒன்று அகப்பட்டபோதுதான் யார்மீதும் தவறில்லை என்று புரிந்தது. ‘பெரிய பாக்கெட், அதிக லாபம்’ என்று எழுதியிருப்பதையும் இப்போது நான் நம்புவதில்லை; இரண்டின் விலையையும் எடையால் வகுத்துப் பார்த்தால் சில சமயம் சிறியதே மலிவாக இருக்கிறது.

தவணையைப் பற்றி ஒரு சொல் மட்டும். மாதம் மூன்று விழுக்காடு வட்டி என்பதைக் கட்டாமல் அப்படியே விட்டால், வட்டிக்கு வட்டி சேர்ந்து ஆண்டுக்கு 42 விழுக்காட்டைத் தாண்டும். சிறிய எண்ணைப் பெரிய எழுத்திலும் பெரிய எண்ணைச் சிறிய எழுத்திலும் அச்சிடுவதை நிறுத்துங்கள்.

இவையெல்லாம் நடக்காத காரியம் என்று நீங்கள் சொல்லக்கூடும். நடந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், சலவை இயந்திரத்தின் முக்கிய உதிரி பாகங்கள் பத்து ஆண்டுக்காவது கிடைக்க வேண்டும் என்பது விதி. பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்து செல்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம் முதலியவற்றுக்கு, எவ்வளவு எளிதில் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் போட்டுக் காட்டத் தொடங்கினார்கள். அதே நாட்டில் 2024 ஜூலை முதல், விலையைக் குறைக்காமல் அளவைக் குறைத்த பொருளின் அருகில் பெரிய கடைகள் இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும். கிலோவுக்கு, லிட்டருக்கு என்ன விலை என்று காட்டும்படி ஐரோப்பிய ஒன்றியம் 1998இலேயே ஆணையிட்டுவிட்டது. இந்த விதிகளுக்கு உட்பட்டும் அங்கே பொருள் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சட்டம் வந்து கட்டாயப்படுத்தும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உடையக்கூடிய சிறு பாகங்களைத் தனியாக விற்பனை செய்யுங்கள், சாதாரணத் திருப்புளியால் கழற்றும்படி செய்யுங்கள். ஒட்டிவிட்ட பெட்டியை எந்தத் தொழிலாளியாலும் திறக்க முடியாது. எத்தனை ஆண்டுக்கு உதிரி பாகம் தருவீர்கள் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அளவு குறைந்தால் பழைய அளவையும் புதிய அளவையும் உறையில் போடுங்கள். விளம்பரத்துக்காகச் செலவிடுவதோடு ஒப்பிட்டால் இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதாக இருக்காது என்று நம்புகிறேன். அப்படி இல்லையென்றால் கணக்கைக் காட்டுங்கள், படித்துப் பார்க்கிறேன்.

இவற்றில் எதை, எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்று பதில் எழுதுங்கள். புதிய சலவை இயந்திரம் வாங்கி மூன்று ஆண்டு ஆகிறது. அதன் கதவுக் கொக்கியும் பிளாஸ்டிக்தான். அது தனியாகக் கிடைக்குமா என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக் கணக்கு எழுதும் ஒருவர்