எலுமிச்சம்பழம் நசுங்காத வண்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளாட்சி அமைப்புகளுக்கு வாங்கிய புதிய குப்பை வண்டிகளையும் கழிவுநீர் வாகனங்களையும் கொடியசைத்து அனுப்பிவைக்கும் படங்களை உங்கள் நாளிதழில் அடிக்கடி பார்க்கிறேன். வரிசையாக வண்டிகள், முகப்பில் மாலை, சாவி வாங்கும் ஓட்டுநரின் சிரிப்பு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே வண்டிகளை இரண்டு வருடம் கழித்து ஒருமுறை படம் பிடித்துப் போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் அரசு பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். டெல்டாவில் ஒரு சிறிய நகராட்சியில் குடியிருக்கிறேன். மாடியில் துணி காயப்போடப் போனால் நகராட்சி வண்டிகள் நிற்கும் வளாகம் முழுதாகத் தெரியும். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் மாட்டிக்கொள்ளப் போகிறவர் அங்கே இருக்கும் ஒரே ஃபிட்டர்தான். தப்பு அவருடையது அல்ல.

போன ஆயுத பூஜைக்கு எல்லா வண்டிகளையும் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கற்பூரம் காட்டிய பிறகு சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஒவ்வொரு வண்டியாக நகர்த்தினார்கள். கழிவுநீர் உறிஞ்சும் வண்டியின் முறை வந்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. முன் டயர் ஒன்று காற்றில்லாமல் தரையோடு தரையாகக் கிடந்தது. கடைசியில் ஒருவர் பழத்தைக் காலால் மிதித்து நசுக்கிவிட்டார். பொரியை வாங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்தார்கள்.

நானும் மாடியிலிருந்து சிரித்தேன். ஆனால் ஆயுத பூஜை முடிந்த கையோடு இந்தப் பக்கம் மழை இறங்கிவிடும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. ஐப்பசியில் ஒரு நாள் இரவு எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர். டிராக்டரில் டீசல் பம்ப்பை ஏற்றி வந்தார்கள். இன்ஜின் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. குடம் குடமாக ஊற்றினாலும் குழாயில் நிற்கவில்லை. குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட்வால்வைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. போன கார்த்திகையில் உள்ளே வைத்த பம்ப்பை இந்த ஐப்பசியில்தான் வெளியே எடுத்திருக்கிறார்கள்! பழைய சைக்கிள் டியூபை வெட்டி அந்த இடத்தில் பொருத்தித் தண்ணீரை ஏற்றியபோது விடிந்துவிட்டது.

கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16 அன்றும் இதே கதைதான். மரம் அறுக்கும் இயந்திரம் இருந்தது. அதில் விட்ட பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்து கார்புரேட்டர் பிசுபிசுத்து அடைத்துவிட்டது. மர வாடிக்காரர் ஒருவர் கொண்டுவந்த இயந்திரம்தான் எங்கள் சாலையைத் திறந்துவிட்டது.

பணிமனையில் நாங்கள் ஒன்றும் மகான்கள் இல்லை. ஆனால் விடியற்காலை முதல் வண்டி கிளம்பாவிட்டால் பஸ் நிலையத்தில் பயணிகள் சும்மா விடமாட்டார்கள். அந்தப் பயத்திலேயே இரவு வண்டி உள்ளே வந்ததும் ஓட்டுநர் எழுதிவைத்த குறையைப் பார்த்து, காற்று, ஆயில், பிரேக் எல்லாம் சரிசெய்துவிடுவோம். குப்பை வண்டியும் ஓரளவு ஓடுவதற்கு இதுதான் காரணம். இரண்டு நாள் வராவிட்டால் பெண்கள் வாளியோடு தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். மழை பம்ப்பை யார் கேட்கிறார்கள்? ஓடித் தேய்ந்த இயந்திரத்தைவிட ஓடாமல் கெட்ட இயந்திரங்களைத்தான் அந்த வளாகத்தில் அதிகம் பார்க்கிறேன். பேட்டரி வண்டிகளின் கதி இன்னும் மோசம். சார்ஜ் இறங்கியபடியே நிறுத்திவைத்தால் செல் செத்துவிடும். பிறகு அதன் டயர் இன்னொரு வண்டிக்குப் போகும், கண்ணாடி வேறொன்றுக்குப் போகும், மிச்சத்தில் கோவைக்கொடி படரும்.

கழிவுநீர் வண்டி நின்றுபோவதைச் சாதாரணப் பழுது என்று நினைக்க என்னால் முடியவில்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதர்களைப் பாதாளச் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும் அடைப்பு எடுக்க வண்டி இல்லாத நாளில் ஒப்பந்தக்காரர் ஆளைத்தான் தேடுவார். ஒரு பேட்டரி, ஒரு டயர் வாங்க மதிப்பீடு தயாரித்து, கோப்பு நகர்ந்து, கையெழுத்தாகி வருவதற்குள் அந்த நாள் வந்துவிடுகிறது.

சின்னப் பழுதைக் கோப்பு இல்லாமல் அன்றே சரிசெய்யப் பொறியாளர் கையில் ஒரு தொகை கொடுங்கள். எல்லா இயந்திரத்தையும் வாரம் ஒருமுறை அரைமணி நேரம், சும்மா உறுமவிடாமல், வேலை கொடுத்து ஓட்டி லாக் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். 15 வருடம் கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற விதி 2023 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. உள்ளாட்சி வண்டிகளுக்கும் அதுதான். இனி ஓடாது என்று கழித்துவிட்ட வண்டிகளை ஏலம் விட்டு அப்புறப்படுத்தினால் உண்மையில் எத்தனை வண்டி இருக்கிறது என்று நகராட்சிக்கே தெரியும்.

அடுத்த ஆயுத பூஜையன்று ஊர்க் குளத்துப் படித்துறையில் எல்லா பம்ப்புகளையும் இறக்கி ஊர் பார்க்க ஓட்டிக் காட்டட்டும். நீங்கள் புகைப்படக்காரரை அனுப்புங்கள். நான் சைக்கிள் டியூபோடு வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணிமனை மெக்கானிக்,
டெல்டா மாவட்டம்.