வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் அறுவைக்குப் பிறகு கொஞ்ச நாள் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பேத்திதான் வாசித்துக் காட்டினாள். "வெளியுறவு விஷயத்தில் எம்.பி.க்களுக்கு என்ன வேலை? விவரம் தெரிந்த நாலு பேரிடம் விட்டுவிட வேண்டியதுதானே" என்று நீ பொரிந்திருந்த இடம் வந்ததும், "தாத்தா, இவர் கோபக்காரரா?" என்று கேட்டாள். கல்லூரி நாளிலிருந்தே அப்படித்தான் என்றேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2003 மார்ச் 1 அன்று துருக்கி நாடாளுமன்றத்தில் நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா? ஈராக்கை வடக்கிலிருந்தும் தாக்க, துருக்கி மண்ணில் படைகளை இறக்க அனுமதி கேட்டது அமெரிக்கா. பதிலுக்குப் பெரும் நிதியுதவியும் பேசப்பட்டது. அரசே தீர்மானத்தைச் சபைக்குக் கொண்டுவந்தது. ஆதரவு 264, எதிர்ப்பு 250. ஜெயித்துவிட்டது என்றுதானே தோன்றும்? ஆனால் 19 பேர் எந்தப் பக்கமும் சேரவில்லை. சபைக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்பது விதி, அதாவது 267. மூன்று ஓட்டில் தீர்மானம் விழுந்தது. ஆளுங்கட்சிக்காரர்களே பலர் கைவிட்டுவிட்டார்கள். தலைநகரில் அன்றைக்கே போரை எதிர்த்துப் பெரிய ஊர்வலம். மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தப் போர் பிடிக்கவில்லை. தளவாடங்களோடு கடலில் காத்துக் கிடந்த அமெரிக்கக் கப்பல்கள் கடைசியில் குவைத்துக்குச் சுற்றிக்கொண்டு போயின. விவரம் தெரிந்த உன் நாலு பேரிடம் விட்டிருந்தால், அனுமதி கொடுத்திருப்பார்கள்.

முதல் உலகப் போர்க்கால அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் உன் பக்கத்து ஆள். 1918 டிசம்பரில் சமாதான மாநாட்டுக்காகப் பாரிஸுக்குப் போனபோது, மேலவையான செனட்டிலிருந்து ஒருவரைக்கூட அழைத்துப் போகவில்லை. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இல்லாமல் அங்கே போடும் சமாதான ஒப்பந்தம் செல்லாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? எதிர்த்தரப்பில் நின்ற ஹென்றி கேபட் லாட்ஜ் சில நிபந்தனைகளைச் சேர்த்தால் போதும் என்றார். வில்சன் அசையவில்லை. நிபந்தனையோடு வந்தால் எதிர்த்து ஓட்டுப் போடுங்கள் என்று சொந்தக் கட்சிக்கே சொல்லி அனுப்பினார். 1920 மார்ச்சில் 49-க்கு 35. ஏழு ஓட்டுக் குறைந்தது. ஆக, அந்த ஒப்பந்தத்தில் உருவான உலக நாடுகள் சங்கத்துக்காக (ஐ.நா.வுக்கு முன்னோடி) அவ்வளவு பாடுபட்டவருடைய நாடே அதில் சேரவேயில்லை. லாட்ஜ்தான் கெடுத்தார் என்று அப்போது நாம் படித்தோம். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் 1988-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பேச்சுவார்த்தைக்குப் போகிறவர் ஒரே நேரத்தில் இரண்டு மேசைகளில் ஆடுகிறார்: எதிரே வெளிநாட்டுக்காரர், முதுகுக்குப் பின்னால் சொந்த நாடாளுமன்றம். இதில் வேடிக்கை என்னவென்றால், முதுகுப்பக்கம் கெடுபிடி இருந்தால் முன்பக்கம் பேரம் படியும். "எனக்குச் சம்மதம்தான், ஆனால் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்களே" என்று இழுப்பவனிடம்தானே எதிராளி விலையைக் குறைக்கிறான்! தானே ராஜா தானே மந்திரி என்று இருப்பவனால் அப்படிச் சொல்ல முடியாது.

உன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 2011-இல் மன்மோகன் சிங் டாக்காவுக்குப் போனபோது தீஸ்தா நதிநீர் ஒப்பந்தம் தயாராக இருந்தது. மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி ஒத்துக்கொள்ளவில்லை, கையெழுத்தாகவில்லை. வங்கதேசத்தோடு 1974-இல் போட்ட நில எல்லை ஒப்பந்தம், அரசியல் சட்டத்தைத் திருத்தி நிறைவேற 2015 ஆயிற்று. நாற்பத்தொரு வருடம்! இடையில் எந்த நாட்டு ஆவணமும் இல்லாமல் எல்லைத் திட்டுகளில் (ஒரு நாட்டு நிலம், சுற்றிலும் அடுத்த நாடு) மாட்டிக்கொண்டு வாழ்ந்தவர்களை நினைத்தால், உன் கோபம் எனக்கும் வருகிறது. இருந்தாலும், 2015-இல் அந்தத் திருத்தத்தை எதிர்த்து ஓட்டு விழவில்லை என்பதையும் பார். அவசரமாக முடித்திருந்தால் அடுத்த ஆட்சி வந்து கிளறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும்.

அப்புறம், மூட்டுவலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. வில்சனுக்கு வக்காலத்து வாங்கி எழுதுவதாக இருந்தால் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது. அடுத்த கடிதத்தை நானே படிக்க வேண்டும்.

அன்புடன்,
ராமநாதன்