ஆடுகிறவரின் காலை வெட்டிய டிஸ்க்கை ‘நல்ல பிரிண்ட்’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய படங்களின் டிவிடி, ப்ளூரே பற்றி வரும் குறிப்புகளை விடாமல் படிக்கிறேன். கதைச்சுருக்கம் இருக்கும், பாடியவர்கள் பெயர் இருக்கும், கடைசியில் ‘பிரிண்ட் பளிச்சென்று இருக்கிறது, 5.1 ஒலி அருமை’ என்று ஒரு வரி இருக்கும். காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். அதில்தான் கோட்டை விடுகிறீர்கள்.

போன மாதம் அப்படியொரு வரியை நம்பி ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வாங்கினேன். அம்மாவுக்கு 81 வயது, அதில் வரும் ஒரு நாட்டியத்துக்காகவே கேட்டார். போட்டோம். சலங்கைச் சத்தம் கணீரென்று கேட்கிறது, ஆடுகிறவரின் காலைக் காணோம். முழங்காலோடு திரை முடிந்துவிட்டது, மேலே நெற்றிச்சுட்டிக்கு மேல் தலையும் இல்லை. “என்னடா, பாதத்தையே காட்ட மாட்டேங்கிறான்?” என்று அம்மா கேட்டார். நடந்தது இதுதான்: அந்தக் காலத்துப் படம் 4:3 அளவில், கிட்டத்தட்டச் சதுரமாக எடுக்கப்பட்டது. இன்றைய டிவி அதைவிட அகலமான 16:9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தால் வாங்குகிறவர் குறை சொல்வார் என்று நினைத்து, படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்பிவிட்டார்கள். அப்படிச் செய்தால் உயரத்தில் சரியாகக் கால் பங்கு போய்விடும். கேமராமேன் பார்த்துப் பார்த்து வைத்த ஃபிரேமில் நாலில் ஒரு பங்கு! இதைத்தான் உங்கள் குறிப்பு ‘முழுத்திரையில் கண்டு மகிழலாம்’ என்றது.

அப்புறம் அந்தப் ‘பளிச்’. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் உருவமே நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது. திரையில் லேசாக மணல் மணலாகத் தெரிவது அதுதான், அது அழுக்கு இல்லை. கீறலும் தூசியும் போகட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் போட்டு அந்தத் துகளையும் சேர்த்து வழித்தெடுத்தால் முகச்சுருக்கம், புடவையின் நெசவு, தாடியின் மயிர் எல்லாம் அதோடு போய், எல்லோரும் மெழுகு பொம்மை மாதிரி நிற்கிறார்கள். பிறகு மங்கிவிட்டதே என்று ஓரங்களைக் கூர்மையாக்குகிறார்கள், உடனே வெள்ளை வேட்டியைச் சுற்றி ஒரு கோடு, தலைமுடியைச் சுற்றி ஒரு ஒளிவட்டம். பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் பளிச்தான். கிட்டே போய்ப் பாருங்கள்.

ஒரே டிவிடியில் 3 படம் என்று விற்கிறார்களே, அதையும் தயவுசெய்து பாராட்டாதீர்கள். ஒரு அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபிதான் கொள்ளும். ஏழரை மணி நேரப் படத்தை அதில் திணித்தால் ஒரு நொடிக்குக் கிடைக்கும் தகவல் பழைய விசிடி அளவுக்கு வந்துவிடும். கோயில் காட்சியில் சாம்பிராணிப் புகை வரும்போது பார்த்தால் தெரியும், புகை புகையாக இருக்காது, கட்டம் கட்டமாக உடைந்து நகரும். மழையும் அப்படியே.

ஒலிக்கு வருகிறேன். மோனோவில், அதாவது ஒரே தடத்தில், பதிவான படத்துக்கு 5.1 என்பது, அதாவது சுற்றிலும் வைத்த ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒலி, பிற்பாடு யாரோ செய்து சேர்த்தது. செய்யக்கூடாது என்பதில்லை, ஆனால் கூடவே பழைய மோனோவையும் வைக்க வேண்டும், ஒலித்தடத்துக்கு டிஸ்க்கில் பெரிய இடம் ஒன்றும் பிடிக்காது. நான் வாங்கியதில் அது இல்லை. ஜதி சொல்பவர் குளியலறைக்குள் இருந்து சொல்வது போல எதிரொலி, மிருதங்கம் முதுகுக்குப் பின்னால். இன்னொரு கோளாறும் உண்டு: நொடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய படத்தைச் சில டிஸ்க்குகளில் 25ஆக ஓட்டிவிடுகிறார்கள். 160 நிமிடப் படம் ஆறு நிமிடம் முன்னாலேயே முடிந்துவிடும், பாட்டின் சுருதி அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு கேட்டால் உடனே பிடிபடும்.

முடியாத காரியமா என்றால் இல்லை. வங்க இயக்குநர் சத்யஜித் ரேயின் அப்பு படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்களும் (கேமராவில் ஓடிய அசல் சுருள்கள்) 1993இல் லண்டனில் தீயில் சிக்கின. கருகியதில் தேறியதை இத்தாலியின் பொலோனாவில் பக்குவப்படுத்தி, தேறாத இடங்களுக்கு வேறு பிரதிகளைச் சேர்த்து, 2015இல் 4கே என்னும் மிக நுணுக்கமான தரத்தில் மீட்டெடுத்தார்கள். அந்த ப்ளூரேயில் 4:3 சட்டகம் அப்படியே இருக்கிறது, துகள் இருக்கிறது, மோனோவும் இருக்கிறது. எந்தப் பகுதி எதிலிருந்து எடுத்தது என்றும் சொன்னார்கள்.

எனவே குறிப்பு எழுதுபவரிடம் ஒரு வேண்டுகோள். எழுதும் முன் டிவியை ‘டைனமிக்’கில் இருந்து ‘சினிமா’ அமைப்புக்கு மாற்றி, அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் நீங்கள் மதிப்பிடுவது டிவியை, டிஸ்க்கை அல்ல. சட்டகம் முழுசாக இருக்கிறதா, மூல ஒலி இருக்கிறதா, எத்தனை நிமிடம் ஓடுகிறது, நெகட்டிவிலிருந்து எடுத்ததா தேய்ந்த காப்பியிலிருந்தா என்று உறையில் போட்டிருக்கிறார்களா, இவ்வளவும் எழுத நாலு வரி போதும். கதைச்சுருக்கத்தில் நாலு வரி குறைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கதை எங்களுக்குத் தெரியும்.

அம்மா அந்த நாட்டியத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். காலோடு சேர்த்து வெளியான டிஸ்க் ஏதாவது இருந்தால் அடுத்த ஞாயிறு எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை