அகாமே அருவிகளுக்கு ஏன் ஒரு முழு நாள்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஜப்பான் பயணத்திட்டத்தைப் பார்த்துவிட்டு உங்களில் பலர் கேட்டது ஒன்றுதான்: "ஒசாகாவில் பார்க்க எவ்வளவோ இருக்கும்போது, அருவிக்கு எதற்கு முழு நாள்?"

போன தடவை நாங்கள் அரை நாள்தான் ஒதுக்கினோம். அது எங்கள் தவறு. பாதி வழியிலேயே எல்லோரையும் திரும்பக் கூட்டிவர வேண்டியதாகிவிட்டது.

மியே மாநிலத்தில் நபாரி நகரின் மலைப்பக்கம் இருக்கிறது அகாமே பள்ளத்தாக்கு. 'நாற்பத்தெட்டு அருவிகள்' என்பார்கள். ஏராளம் என்பதற்கு அங்கே சொல்லும் எண் அது. ஓடையை ஒட்டிச் சுமார் 4 கிலோமீட்டர் பாதை. நுனோபிகி அருவி 30 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டதுபோல விழும். அதையும் தாண்டி நடந்தால் நினாய் அருவி. நடுவில் பாறை, இரு பக்கமும் தண்ணீர். தோளில் தடி வைத்து இருபுறமும் சுமை தூக்குவதுபோல இருப்பதால் அந்தப் பெயர். காவடி என்றால் நமக்குச் சட்டென்று புரியும். போன குழு பார்க்காமல் வந்தது இதைத்தான். அந்த வருத்தம் எங்களுக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம், நிஞ்ஜா பயிற்சி. நிஞ்ஜாக்கள் என்றால் அந்தக்கால ஜப்பானின் ஒற்றர் வீரர்கள். அகாமே, இகா பகுதி நிஞ்ஜாக்கள் வாழ்ந்த மண். அவர்களின் தலைவர்களில் ஒருவரான மொமோச்சி தம்பா இங்கே பயிற்சி செய்ததாகச் சொல்கிறார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே மலைத்துறவிகள் தவம் செய்த இடம் இது. என் நோ க்யோஜா என்ற துறவியின் முன், சிவந்த கண் கொண்ட எருதின்மேல் ஃபுடோ தெய்வம் தோன்றியதாக ஐதீகம். 'அகாமே' என்றால் சிவந்த கண்.

பயிற்சியில் நிஞ்ஜா உடை போட்டுக்கொண்டு ஷுரிகென் என்ற கூர்முனை எறிதகடு எறியலாம், சுவர் ஏறலாம், தண்ணீரைக் கடக்கலாம். குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைத்துப் பெரியவர்கள் ஒதுங்கிவிடாதீர்கள். காலையில் பயிற்சியை முடித்துவிட்டுப் பாதையில் இறங்கினால், ஈரப் பாறையில் ஓசையில்லாமல் கால்வைப்பது எவ்வளவு பெரிய வித்தை என்று உங்கள் பாதமே சொல்லும்.

குற்றாலம் மாதிரி குளிக்கலாம் என்று மட்டும் வராதீர்கள். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய ராட்சத சாலமாண்டர் (பல்லி போன்ற உருவம், தவளை இனத்துக்கு உறவு) வாழும் ஓடை இது. ஜப்பான் அரசு சட்டம் போட்டுக் காக்கும் உயிரினம். நுழைவாயில் காட்சியகத்தில் அதை நிதானமாகப் பார்க்கலாம்.

வழுக்காத காலணி அவசியம். சைவ உணவை நாங்களே கட்டிக்கொண்டு வருகிறோம். முட்டிவலி உள்ளவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள். பாதையில் முன்னாலேயே வரும் சென்ஜு அருவி வரை உங்களோடு நடந்து, திரும்பக் கூட்டிவர எங்கள் ஆள் ஒருவர் இருப்பார்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்