தாத்தாவின் கடிகாரத்தைக் கேட்டிருந்தாய்

ஊத்தான் மெலிந்தாங்,
பேராக், மலேசியா.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மழை விட்டபாடில்லை, ஆற்றோரத்துச் செம்பனைக் காட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. நீ அனுப்பிய மூன்று கடிகாரங்களின் படங்களையும் கைப்பேசியில் பார்த்துத் திருப்தி வராமல், தெலுக் இந்தானில் ஒரு கடையில் பெரிதாக அச்சடித்து வாங்கி, கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பார்த்தேன். தாத்தாவின் பாக்கெட் கடிகாரத்தையும் அதே ஸ்டீம்பங்க் பாணியில், பித்தளையும் பற்சக்கரமும் வெளியே தெரியும்படி மாற்றிக் கையில் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாய். அப்போது நான் "பார்க்கலாம்" என்று இழுத்ததற்குக் காரணம் மனமில்லாமை அன்று. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. பேச்சில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்து என் வாயை அடைத்துவிடுவாய்.

முதல் கடிகாரம் எனக்குப் பிடிக்கவில்லை. முகப்பைச் சுற்றி ஏழு பித்தளைப் பற்சக்கரங்களைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறாய். அவற்றில் ஒன்றன் பல்லும் அடுத்ததன் பல்லோடு சேரவில்லை. சேர்ந்திருக்கும் ஓரிடத்திலும் பல்லின் அளவு வேறு வேறாக இருப்பதால், சுற்றவிட்டால் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நின்றுவிடும். உள்ளே ஓடுவதோ பேட்டரி போட்ட குவார்ட்ஸ். இரண்டாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தோல்வார் நன்றாக இருக்கிறது. மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்தது. கூடு இல்லாமல் கிடந்த பழைய அமெரிக்க வால்தாம் கடிகார இயந்திரத்தை வாங்கி, செம்புக் குழாயின் இணைப்பைக் கடைந்து அதற்கொரு கூடு செய்து, முன்னும் பின்னும் கண்ணாடி போட்டு, உள்ளே ஓடும் ஒவ்வொரு சக்கரமும் தெரியும்படி விட்டிருக்கிறாய். அதில் நீ புதிதாக ஒட்டியது எதுவுமில்லை, மறைத்ததைத்தான் திறந்து காட்டியிருக்கிறாய்.

அந்த அமெரிக்க இயந்திரங்கள் பல ஏன் கூடில்லாமல் விலைக்கு வருகின்றன என்பது உனக்குத் தெரிந்திருக்கும். தங்கம் விலை ஏறும்போதெல்லாம் தங்கக் கூட்டை உருக்கிவிட்டு, உயிரோடு இருக்கும் இயந்திரத்தைத் தகர டப்பாவில் போட்டு விற்றுவிடுகிறார்கள். வால்தாம், எல்ஜின் இரண்டு கம்பெனிகளிலும் இயந்திரத் தட்டின்மேல் பொறித்த எண்ணை வைத்தே எந்த ஆண்டில் செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம். அப்படிப்பட்ட அனாதை இயந்திரத்துக்குக் கூடு கட்டுவது புண்ணியம் என்றே சொல்வேன். கூட்டோடும் முகப்போடும் முழுதாக ஓடிக்கொண்டிருப்பதைப் பிரித்துச் சக்கரத்தைக் காதணியாக்குகிறவர்களோடு எனக்கு ஒட்டாது.

நீ அழகு என்று சொல்லும் பித்தளை வால்வு, கண்ணாடிக் குழாய், நடுங்கும் முள் வைத்த அழுத்தமானி எல்லாம் எனக்கு 26 ஆண்டுச் சம்பளம். தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறியபோது நான் ரப்பர்ப் பால் சேர்க்கும் ஸ்டோரிலிருந்து எண்ணெய் ஆலையின் பாய்லருக்கு வந்தவன். செம்பனைக் குலைகளை இரும்புக் கூண்டு வண்டிகளில் ஏற்றி, நீண்ட உருளைக்குள் தள்ளிக் கதவை அடைத்து, சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தத்தில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் நீராவியில் வேக வைப்போம். அப்போதுதான் பழம் குலையை விட்டுக் கழலும், எண்ணெயும் புளிக்காது. ஒரேயடியாக அழுத்தத்தை ஏற்றக்கூடாது. உள்ளே காற்று தங்கினால் நடுக்குலை வேகாது. ஏற்றி, திறந்துவிட்டு, மறுபடி ஏற்றி, திறந்துவிட்டு, மூன்றாம் முறை ஏற்றி நிறுத்த வேண்டும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் எத்தனை நிமிடம் என்பதை நான் எண்ணியது தாத்தாவின் கடிகாரத்தைப் பார்த்துத்தான். அழுத்தமானிக்குப் பக்கத்து ஆணியில் அது சங்கிலியோடு தொங்கும். சுவரில் மின்சாரக் கடிகாரம் வந்த பிறகும் பழக்கம் போகவில்லை.

உலைப் பக்கம் நின்றால் அது கொஞ்சம் தாமதமாக ஓடும் என்பதை அங்கேதான் கவனித்தேன். வெப்பத்தில் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்வில் தளர்ந்துபோகிறது, அதனால் ஆட்டம் மெதுவாகிறது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான், இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் விளிம்பை இரண்டு உலோகத்தில் செய்திருக்கிறார்கள். லூப்பில் பார், உள்பக்கம் எஃகு, வெளிப்பக்கம் பித்தளை, விளிம்பு இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டிருக்கும். சூடேறினால் பித்தளை அதிகம் நீளும், வெட்டிய நுனிகள் உள்நோக்கி வளையும், சக்கரம் சற்றே சிறுத்து வேகம் பிடிக்கும். விளிம்பில் வரிசையாக இருக்கும் குட்டித் திருகாணிகள் பார்ப்பதற்கு அட்டிகையில் பதித்த கல்லைப் போல இருந்தாலும், எடையையும் இடத்தையும் மாற்றி ஓட்டத்தைச் சரிசெய்வதற்கு வைத்தவை. அந்தச் சக்கரத்தைவிட அழகான ஸ்டீம்பங்க் நகையை நீ எங்கே போய்த் தேடப் போகிறாய்? அதில் வேலை இல்லாமல் வந்து உட்கார்ந்த துண்டு ஒன்றுகூட இல்லையே.

ஸ்டீம்பங்க் என்ற பெயரை ஓர் அமெரிக்க எழுத்தாளர் 1987இல் விளையாட்டாக வைத்தார் என்று படித்தேன். விக்டோரியா ராணி காலத்து நீராவியையும் பித்தளையையும் வைத்துக் கனவு காண்கிற பாணி அது. காணட்டும். ஆனால் அந்தக் காலத்தின் இன்னொரு முனையில் இருந்தவர்கள் நாம். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில நம் பேராக்கின் கோலக்கங்சாரில் நடப்பட்டன. அதற்குப் பின்னால் நடந்ததுதான் நம் குடும்பக் கதை. அந்த உலகத்தில் கடிகாரம் துரையின் கோட்டுப் பையிலும் கணக்கெழுதும் கிராணியின் மேசையிலும்தான் இருந்தது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இருந்தவர்களுக்கு, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் அடிக்கும் அடிதான் நேரம். அடித்தால் எழுந்து, பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போக வேண்டும்.

தாத்தா அந்தக் கடிகாரத்தை அழகுக்காக வாங்கவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவர் வேலை செய்த ஸ்டோரில் காலையில் மணி சற்று முந்தியும் சாயங்காலம் சற்றுப் பிந்தியும் அடிக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். சொன்னால் யார் நம்புவார்கள்? 1954இல் டவுன் அடகுக் கடையில் மீட்காமல் கிடந்ததைத் தவணையில் வாங்கி, ஒரு மாதம் யாருக்கும் சொல்லாமல் குறிப்பெடுத்தார். பிறகு நாலு பேரோடு போய்க் கிராணியின் மேசைமேல் கடிகாரத்தையும் காகிதத்தையும் வைத்தார். திட்டு வாங்கினார். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து மணி ஒழுங்காக அடித்தது என்று பாட்டி சொல்வாள். அடிக்கடி சொல்வாள், ஒவ்வொரு முறையும் கிராணியின் மீசை கொஞ்சம் நீளும்.

1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அதே ஆண்டுதான் தெலுக் அன்சன் என்ற பெயரும் தெலுக் இந்தான் ஆனது. தாத்தா மட்டும் முள்ளை நகர்த்த மறுத்து, பொங்கல் வரை பழைய நேரத்திலேயே வைத்திருந்தார். சூரியனுக்குச் சுற்றறிக்கை போகவில்லையே என்பது அவர் வாதம்.

இனி வேலை விஷயம். தாத்தாவின் கடிகாரத்தைக் கையில் கட்டும்படி மாற்ற நினைக்கிறாய். பாக்கெட் கடிகாரம் பகலில் பைக்குள் நின்றபடியும் இரவில் மேசைமேல் படுத்தபடியும் இருப்பதற்காகச் செய்தது. கையில் கட்டினால் எல்லாக் கோணத்திலும் புரளும். ஒவ்வொரு கோணத்திலும் ஓட்டம் சற்று மாறும். 1885இல் கட்டிய தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரம் சாய்ந்தபடியே மணி காட்டுகிறது என்றால், அது ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. உன் கை அப்படி நிற்காது. அத்தோடு தாத்தாவுடையது முகப்புக்கு மூடியில்லாத வகை, சாவி கொடுக்கும் குமிழ் 12க்கு மேல் இருக்கிறது, வினாடி முள் 6இல் இருக்கிறது. கைக்கடிகாரமாக்கிக் குமிழை வலப்பக்கம் திருப்பினால் வினாடி முள் 9க்குப் போய்விடும், முகப்பின் எழுத்தெல்லாம் படுத்துவிடும், புது முகப்பு போடச் சொல்லும். கையில் கட்டத்தான் வேண்டும் என்றால் யூனிடாஸ் 6498 என்ற சுவிஸ் இயந்திரம் வாங்கிக்கொள். பாக்கெட் கடிகார அளவிலேயே, குமிழ் 3இலும் வினாடி 6இலுமாக வரும். ரஷ்யாவின் மோல்னியாவும் பரவாயில்லை. தாத்தாவுடையது சங்கிலியிலேயே இருக்கட்டும். கூட்டையும் சங்கிலியையும் உன் விருப்பப்படி செய்; கழற்றினால் பழையபடி ஆகிவிடவேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. இயந்திரத் தட்டில் துளை போடாதே.

பித்தளையைப் பழசாக்க அம்மோனியா ஆவியில் வைப்பதாகச் சொன்னாய். இதில் அப்பா பேச்சைக் கேள். ஸ்டோரில் ரப்பர்ப் பால் உறையாமல் இருக்க அம்மோனியா ஊற்றுவோம். அந்தப் பக்கம் பித்தளை வால்வையே வைக்கமாட்டார்கள். அம்மோனியா செம்பைத் தின்னும், செம்பு கலந்தால் ரப்பரும் கெடும். அதைவிடப் பெரிய தொல்லை, வளைத்தோ அழுத்தியோ செய்த பித்தளை அந்த ஆவியில் சத்தமில்லாமல் வெடிப்பு விடும். வெள்ளைக்காரன் பட்டாளம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயத்தருகே வைத்தபோது, சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவில் பித்தளை உறைகள் வெடித்துப்போயின. கூட்டை மட்டும் தனியே கழற்றி, ஆவியில் லேசாகக் காட்டிக் கழுவிவிடு. இயந்திரம் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது.

இருட்டில் ஒளிரும்படி எண்ணெழுத்துப் பூசிய பழைய முகப்பு கிடைத்தால் சுரண்டாதே, ஊதாதே. ஒளி போயிருக்கும், ரேடியம் போயிருக்காது; அது பாதியாகவே 1,600 ஆண்டு ஆகும்.

நீலத் திருகாணி செய்யக் கற்றுக்கொண்டாயா? எஃகுத் திருகாணியைக் கண்ணாடி போல் மெருகேற்றி, விரல் கறைகூட இல்லாமல் துடைத்து, தகரத் தட்டில் பித்தளைத் தூளைப் பரப்பி அதில் தலை மட்டும் தெரிய நட்டு, கீழே ஸ்பிரிட் விளக்கை வை. முதலில் வைக்கோல் நிறம் வரும், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம். கத்தரிப்பூ வந்ததும் மூச்சை அடக்கிக்கொள். ஏறத்தாழ 300 டிகிரியை நெருங்கும்போது ஒரு கணத்தில் சங்குப்பூ நீலம் தலை முழுவதும் பரவும். அதே கணத்தில் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். தயங்கினால் வெளிறிச் சாம்பலாகும், மறுபடி மெருகிலிருந்து தொடங்க வேண்டும். சாயம் பூசி நீலமாக்கியதை விற்கிறார்கள், அதை வாங்காதே.

என் மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு தாத்தாவின் கடிகாரத்தைக் கழுவுகிறேன் என்று, சக்கரத்தைப் பல் பல்லாகத் தடுத்து விடும் பேலட் துண்டை ராத்திரி முழுவதும் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டேன். அதன் இரண்டு கற்களையும் பிடித்திருப்பது அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். காலையில் கற்கள் கிண்ணத்தின் அடியில் கிடந்தன. ஒட்டித் தரச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தேன், அவர் வேறொரு கடிகாரத்தின் பேலன்ஸை மாட்டித் திருப்பிக் கொடுத்தார். சண்டை போட்டுப் பழையதை மீட்டு வர எட்டு மாதம் ஆனது.

பின்மூடியின் உள்பக்கத்தை மட்டும் மெருகேற்றாதே. பழுது பார்த்தவர்கள் ஊசியால் கீறிய குறிகள் அங்கே இருக்கின்றன: இரண்டு சீன எழுத்து, ஓர் ஆங்கில எண், அடகுக் கடைக்காரர் போட்ட "54". ஓரத்தில் கோணலாக ஒரு "மு" இருக்கிறது. அது தாத்தா கீறியது. என்ன பழுது பார்த்தார் என்று யாருக்கும் சொல்லவில்லை.

உன் பெரியப்பா மகன் அடுத்த மாதம் லண்டன் வருகிறான், கோவென்ட்ரிக்கும் வருவானாம். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். மைலோ டின்னில் பஞ்சு வைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு இருக்கும். மெயின் ஸ்பிரிங்கை முழுவதும் தளர்த்திவிட்டேன். கிடைத்ததும் ஆசையில் சாவி கொடுத்துவிடாதே, எண்ணெய் காய்ந்திருக்கிறது, உலர்ந்த முனையில் ஓடினால் அச்சு தேயும். பிரித்து, கழுவி, புது எண்ணெய் விட்டு, பிறகு கொடு. ஓடத் தொடங்கியதும் காதில் வைத்துப் பார். வினாடிக்கு ஐந்து அடி கேட்க வேண்டும். நாலு கேட்டு ஒன்று நொண்டினால் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா