கப்பலோடு முடிந்ததா எங்கள் பங்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வந்த, ஹேர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் பற்றிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். சுழியோடிகளின் படங்கள் அழகு, மறுக்கவில்லை. ஆனால் "உலகப் போரில் மட்டக்களப்பின் பங்கு என்றால் கடலடியில் கிடக்கும் இந்தக் கப்பல்தான்" என்ற வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் அந்தக் கப்பலை மூழ்கடித்ததும், 307 பேர் மாண்டதும் நீங்கள் அறியாததல்ல. அன்று கடலில் கேட்ட சத்தத்துக்கு எங்கள் பெத்தா, அதாவது அப்பம்மா, "என்ர மகன்ட கப்பல்" என்று தலையில் அடித்துக்கொண்டு கல்லடிக் கரைக்கு ஓடினாராம். பெரியப்பா அதற்குச் சில மாதம் முன்புதான் பிரித்தானிய இராணுவத்தின் வேலைப் படையான பயோனியர் படையில் சேர்ந்து எகிப்துக்குப் போயிருந்தார். பெத்தாவுக்கு எல்லாம் ஒரே கடல்தான்.

அடுத்த வருடம் தந்தி வந்தது, இங்கிலீசில். பள்ளிக்கூட வாத்தியார் வந்து வாசிக்கும்வரை, மகன் பணம் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்து அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாராம். பிறகு உண்மையிலேயே பணம் வந்தது. அதில் வாங்கிய செப்புக் குடத்துத் தண்ணீரைச் சாகும்வரை அவர் வாயில் வைக்கவில்லை.

எகிப்தில் போர் மயானத்தில் பெரியப்பாவுக்குக் கல் இருக்கிறது. அதில் தகப்பன் பெயரும் மகன் பெயரும் இடம் மாறிக் கிடக்கின்றன, அது வேறு கதை. ஆனாலும் அந்த மயானங்களில் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல்தான். நம்பாவிட்டால் திருகோணமலையில் நிலாவெளி வீதி மயானத்தைப் போய்ப் பாருங்கள். ஊரில்தான் ஒன்றும் இல்லை. வாசிகசாலைச் சுவரில் பெயர் எழுதலாமா என்று ஒரு முறை கேட்டேன். "வெள்ளைக்காரன்ட சண்டைக்குத்தானே போனவர்?" என்றார்கள். வயல் அடகில் இருந்தது, சம்பளம் கிடைத்தது, போனார். சண்டை யாருடையது என்று அவரிடம் யார் கேட்டார்கள்? சரி, இந்த மண்ணிலேயே செத்த பிள்ளைகளுக்கு விளக்கேற்றவே பயந்து பயந்து வாழ்ந்தவர்கள் நாங்கள். எகிப்தில் செத்தவருக்கு யாரிடம் போய் முறையிடுவது?

நவம்பர் வந்தால் கொழும்பில் பெரிய மனிதர்கள் போரில் மாண்டவர்களின் நினைவாகப் பொப்பி மலர் குத்தி நிற்கும் படம் உங்கள் முதல் பக்கத்தில் வரும். பெரியப்பாவைப் பற்றி நான் ஆறு வருடத்துக்கு முன் எழுதிய மூன்று பக்கம், நான்கு வரியாகச் சுருங்கி, கிணறு துப்புரவாக்குதல் பற்றிய கடிதத்துக்குக் கீழே வந்தது. கிணறும் முக்கியம்தான்.

அந்த வரியைத் திருத்துவதும் திருத்தாததும் உங்கள் விருப்பம். நான் முன்பு எழுதியபோது உங்கள் நிருபர் "ஸ்கேன் பண்ணிவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கிப் போன படத்தையாவது திருப்பி அனுப்புங்கள். காக்கி உடுப்பு, இடது கையில் தொப்பி, பின்னால் சீலையில் கீறிய பூந்தோட்டம். எங்களிடம் வேறு படம் இல்லை.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு பழைய வாசகன்